காப்புக் கட்டிய ஊரில் ஒரு காய்ச்சல்

பாண்டிமீனாவை அந்த ஊரில் யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பத்து வருடமாகக் கொசுக்காரி. கொரோனா வந்த பிறகு கரோனாக்காரி. "ஏடி, கரோனாக்காரி வாரா, கதவச் சாத்து" என்று அவள் காதுபடவே சொல்வார்கள். சொன்ன வாயாலேயே மறுநாள் காய்ச்சல் மாத்திரைக்கு, "ஏ மீனா, தாயி" என்று வாசலில் வந்து நிற்பார்கள். வெட்கங்கெட்ட சனம்.

அவள் பிறந்தது பசுமலைப் பக்கம். அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன். அந்தப் புண்ணியத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் படித்தாள். நர்ஸ் வேலைக்குப் படிக்க ஆசைப்பட்டாள். ஆசைப்பட்டதெல்லாம் நடந்துவிடுமா என்ன? பத்தொன்பது வயதில் சிவக்குமாருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். கீழக்குயில்குடியைத் தாண்டி, சமணர் மலைக்கு அந்தப் பக்கம், கண்மாய்க்கரையோரம் நூற்றைம்பது வீடு உள்ள ஊர். சிவக்குமார் சரக்கு வேன் ஓட்டுகிறவன். நல்ல மனிதன்தான், கை நீட்டமாட்டான், குடிக்கமாட்டான். ஆனால் ஊர் கூடும் மந்தையில் நாலு பேர் சேர்ந்துவிட்டால் அவனுக்கு நாக்கு உள்ளே போய்விடும்.

டெங்கு பரவிய ஒரு மழைக்காலத்தில், வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆள் எடுத்தார்கள். தினக்கூலி வேலை. கையில் ஒரு டார்ச்சும் மருந்துப் பாட்டிலும் கொடுத்தார்கள். தொட்டி, குடம், பழைய டயர், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்க்க வேண்டும். பளபளவென்று பெயின்ட் அடித்த மாடி வீட்டுத் தொட்டியில் புழு நெளியும். சாமி படத்துக்கு முன்னால் செம்பில் வைத்த தண்ணீரில் நெளியும். டார்ச் அடித்துக் காட்டினால், "எங்க வீட்டுல அதெல்லாம் இருக்காதே. நீதேன் கொண்டாந்து போட்டிருப்ப" என்பார்கள். புழுவைப் பார்த்து அவளுக்குக் குமட்டியதில்லை. கண்ணால் பார்த்துக்கொண்டே இல்லை என்று சொல்கிற அந்த வாயைப் பார்த்துத்தான் குமட்டியது.

கொரோனா வந்ததும் டார்ச்சை வாங்கிக்கொண்டு, நெற்றிக்கு நேரே பிடிக்கிற காய்ச்சல் மானியையும், விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கிற சின்ன மிஷினையும் கொடுத்தார்கள். முதல் வருடம் ஊரே நடுங்கியது. ரோட்டை மறித்து முள் வெட்டிப் போட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிறாள் என்று அவளுக்கு அடிகுழாயில் தண்ணீர் பிடிக்க விடவில்லை. அடுத்த வருடம் எல்லாம் தலைகீழ். போன வருடம் பயந்த வெட்கத்தை மறைக்க வேண்டுமே, இந்த வருடம் எல்லோருக்கும் வீரம் வந்துவிட்டது.

அந்த வீரமெல்லாம் வீரணன் டீக்கடையில்தான் விளையும். தேர்தல் நேரம் வேறு. பங்குனி வெயிலில் பெஞ்சு நிறைய ஆம்பளைகள். முகக்கவசம் போட்டவன் ஒருத்தன் இல்லை, போட்டிருந்தவனும் அதைத் தாடைக்குத் தொட்டில் கட்டியிருந்தான். பாண்டிமீனா கணக்கெடுக்கிற நோட்டோடு அந்த வழியாகப் போனால் போதும், வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டுவார்கள்.

"புதுசா உருமாறி வருதாம்ல?"

"எலெக்சன் கூட்டத்துக்கு லாரி லாரியா ஏத்திட்டுப் போனாய்ங்க. அங்க வராத வைரஸு நம்ம ஆத்தா பொங்கலுக்குத்தேன் வருமாக்கும்?"

"ஆஸ்பத்திரிக்குப் போனா, நல்லா இருக்கிறவனுக்கும் இருக்குன்னு எழுதிப்புடுறாய்ங்களாம்ப்பா."

சுருளி என்று ஒருத்தன், கொஞ்சம் விவரம் உள்ளவன், "என் மச்சினன் போன வருசம் செத்தான்லண்ணே" என்றான்.

"அவனுக்குச் சக்கர இருந்துச்சுல்ல?"

சர்க்கரை இருந்தால் சாகலாம் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறதோ தெரியவில்லை. சுருளி டீக்கிளாஸை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தான். அந்தக் கேள்வியைக் கேட்டவர் உக்கிரபாண்டி. ஓய்வு பெற்ற கண்டக்டர், அறுபத்து மூன்று வயது, பென்சன் வாங்குகிறவர், கோயில் கமிட்டித் தலைவர். தினமும் இரண்டு பேப்பர் படித்துவிட்டு, படித்ததற்கு நேர்மாறாகப் பேசுவார். ஊருக்கு அவர் சொல்தான் சொல்.

"முப்பத்திரெண்டு வருசம் கண்டக்டர்யா நான்" என்று பேப்பரை மடித்துத் தொடையில் தட்டினார். "கண்டவன் தும்முனது, இருமுனது, வாந்தி எடுத்தது, அம்புட்டையும் இந்த மூஞ்சியில வாங்கிருக்கேன். எனக்கு என்ன ஆச்சு? அதெல்லாம் மனசுல இருக்குப்பா. பயந்தவனுக்குத்தேன் வரும். இப்ப ஊசி வேற போடுறாய்ங்களாம் ஊசி! கறிக்கோழிக்குப் போடுற மாதிரி. என்ன மீனா, உனக்கு ஒரு ஆளு புடிச்சுக் குடுத்தா எம்புட்டுத் தாராக?"

பெஞ்சே சிரித்தது. பாண்டிமீனா நோட்டை இடுக்கிக்கொண்டு நடந்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஏனென்றால் அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் திருநகரில், ஒரு மண்டபத்தில் நடந்த தடுப்பூசி முகாமில் அவளுக்கு டோக்கன் எழுதுகிற வேலை. தலையில் குல்லாய், முகத்தில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு முகக்கவசம், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி என்று ஒரு ஆள் முன்னால் வந்து ஆதார் அட்டையை நீட்டினார். பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். மாமா! உக்கிரபாண்டி அவளுடைய மாமனாருக்குப் பங்காளி முறை, அதனால் அவளுக்கு மாமா.

"ஊருல மூச்சு விட்றாத தாயி" என்றார் அவர் குரலைத் தாழ்த்தி. "நாலு பேரு நாலு விதமாப் பேசுவாய்ங்க."

அன்றைக்கு அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சரி, பெரிய மனிதர், கூச்சப்படுகிறார் என்று விட்டுவிட்டாள். இடது தோளில் ஊசி போட்டுக்கொண்டு, அரைமணி நேரம் உட்காரச் சொன்னதற்கு முக்கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். அதே ஆள்தான் இன்றைக்கு டீக்கடையில் கறிக்கோழிக் கதை சொல்கிறார். ஊருக்குத்தான் உபதேசம் என்று சொல்வார்கள். இவர் உபதேசத்தையும் மாற்றியல்லவா சொன்னார்! த்தூ.

தேர்தல் நடந்த செவ்வாய்க்கிழமை ராத்திரியே அம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்கு, சந்தைக்கு, எங்கே வேண்டுமானாலும் போகலாம், ஆனால் பொழுது சாய்ந்ததும் ஊருக்குள் வந்துவிட வேண்டும். பொங்கல் முடிகிற வரைக்கும் எட்டு நாள், ஊர் எல்லையைத் தாண்டி யாரும் ராத்தங்கக் கூடாது. முளைப்பாரி போட்ட பெண்களுக்கு அது இன்னும் கடுமை. மஞ்சள் துண்டு கட்டிய நூலை மணிக்கட்டில் கட்டியிருப்பார்கள். அவர்களில் ஒருத்தி வெளியே தங்கினாலும் எல்லோருடைய பயிரும் கருகிப்போகும், பயிர் கருகினால் ஊருக்கு ஆகாது என்பார்கள். காப்புக் கட்டி இரண்டாம் நாள், திருவிழாவெல்லாம் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. "காப்புக் கட்டுன பெறகு தடையா? ஆத்தாகிட்ட வந்து சொல்லச் சொல்லு" என்று உக்கிரபாண்டி மைக்கில் சொன்னதற்குக் குலவை போட்டார்கள்.

அந்த வருடம் முளைப்பாரி போட்ட முப்பத்தைந்து பெண்களில் முத்துமீனாவும் ஒருத்தி. சிவக்குமாரின் தங்கை, பாண்டிமீனாவின் நாத்தனார். அதே ஊரில் வாக்கப்பட்டவள். புருஷன் ராஜபாண்டி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். மூன்று வருடம் முளைப்பாரி எடுப்பதாக நேர்ந்து, இரண்டு வருடம் எடுத்து, மூன்றாவது வருடம் ஊரடங்கில் நின்றுபோன பாக்கி இருந்தது அவளுக்கு. முளைப்பாரி வீடு என்றால் வெளிச்சம் படாமல் சன்னலெல்லாம் சாக்கு போட்டு மூடிய ஒரு அறை. எருவும் வைக்கோலும் போட்டு நவதானியம் தூவிய சட்டிகள் வரிசையாக இருக்கும். முப்பத்தைந்து பேரும் அந்தப் புழுக்கத்துக்குள் தினமும் தண்ணீர் தெளித்து, வாசலில் கும்மி கொட்டிப் பாடுவார்கள். பாண்டிமீனா ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்து, "சன்னலயாச்சும் தொறந்து வைங்கடி" என்றதற்கு, "நீ தூரமா நில்லு, கரோனா வாடை அடிக்குது" என்று விரட்டினார்கள்.

சனிக்கிழமை முத்துமீனாவுக்குக் காய்ச்சல் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாண்டிமீனா அவள் வீட்டுக்குள் போனபோது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில் பேசினாள்.

"ஒண்ணுமில்ல மதினி. கும்மி கொட்டுன அலுப்பு. மூக்குதேன் மந்தமா இருக்கு. எருவ அள்ளுறேன், வாடையே தெரியல."

பாண்டிமீனா அவள் விரலைப் பிடித்து மிஷினை மாட்டினாள். எண்பத்தெட்டு. துடைத்துவிட்டு மறுபடி மாட்டினாள். எண்பத்தேழு. தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனாலே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வாசலுக்கு வந்து நூற்றெட்டுக்குப் போன் போட்டாள்.

"நான் வரல" என்றாள் முத்துமீனா. "செவ்வாக்கெழம பொங்க. ரெண்டே நாளு. ராத்தங்குனா என் பயிரு மட்டுமா கருகும்? முப்பத்தஞ்சு பேரு பயிரும் கருகிப்போகும் மதினி. பெறகு ஊருக்குள்ள நான் எப்புடி நடமாடுறது?"

"நடமாட உசுரு வேணும்ல?"

"ஆத்தா பாத்துக்குவா."

ஆம்புலன்ஸ் முக்கால்மணி நேரத்தில் வந்துவிட்டது. ஊருக்குள் நுழைய முடியவில்லை. மந்தையில் பந்தல் போட்டிருந்தார்கள், பந்தலுக்கு முன்னால் ஆம்பளைகள் நின்றார்கள். மறித்தார்கள் என்று சொல்லக்கூடாதாம், பேசினார்களாம். என்ன பேச்சு! ஒருத்தன், இது சாதாக் காய்ச்சல் என்றான். ஒருத்தன், டிவியில் சொல்கிற அறிகுறி இது இல்லை என்றான். மிஷின் சீனாவில் செய்தது, தப்பாகக் காட்டும் என்றான் ஒருத்தன். இன்னொருத்தன், நிஜமாகவே கரோனாவாக இருந்தால் ஊருக்கே சீல் வைத்துவிடுவார்கள், பொங்கல் நின்றுபோகும், அதனால் கரோனாவாக இருக்கக் கூடாது என்றான். கேட்டீர்களா நியாயத்தை! முளைப்பாரி போட்ட பெண்கள் ஒரு பக்கம் நின்று, "எங்க பயிருக்கு யாரு பொறுப்பு?" என்றார்கள். ஆம்புலன்ஸில் வந்த பையன், "அக்கா, சீக்கிரம்" என்று வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அந்த மந்தையில் நின்றவர்களுக்கு வந்திருந்தால்கூடத் தெரிந்திருக்காது.

சிவக்குமார் துண்டைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டு நின்றான். கூடப் பிறந்த தங்கச்சி. "ஏய், வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லேன்யா" என்று பாண்டிமீனா அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பெரியவுக பேசிக்கிட்டு இருக்காகள்ல" என்றான் அவன். அவளுக்கு அவன் மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நேராக உக்கிரபாண்டியிடம் போனாள். அவர் பந்தல் காலில் சாய்ந்து, தீர்ப்புச் சொல்கிற தோரணையில் நின்றிருந்தார். கிட்டத்தில் போய், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"மாமா, எடது தோளுதான? சட்டையக் கழட்டச் சொல்லவா, இல்ல டோக்கன் நம்பர மைக்குல சொல்லவா?"

அவர் முகம் மாறியது. சுற்றிலும் பார்த்துவிட்டு, அவளைப் பந்தலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"இதோட விட்றணும். இனி செத்தாலும் அந்தப் பேச்ச எடுக்கக் கூடாது. ஆத்தா மேல சத்தியம் பண்ணு."

முத்துமீனாவின் விரலில் கண்ட எண்பத்தேழு அவள் கண் முன்னாலேயே நின்றது. அந்த நேரத்தில் எதன்மேல் வேண்டுமானாலும் சத்தியம் பண்ணியிருப்பாள். "சத்தியம் மாமா. ஆத்தா மேல சத்தியம்" என்றாள்.

உக்கிரபாண்டி மந்தைக்கு வந்தார், தொண்டையைச் செருமினார். "ஏப்பா, ஒரு உசுரு விசயம். முன்ன ஒருக்கா இப்புடி நடந்திருக்குன்னு எங்கப்பா சொல்லிருக்காக. ஊரு மண்ணு ஒரு புடி முந்தியில முடிஞ்சுட்டுப் போகட்டும். மண்ணு கூட இருந்தா ஊருக்குள்ள இருந்த மாதிரிதேன். ஆத்தா ஏத்துக்குவா."

அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் குரைத்த கூட்டம் அரை நிமிடத்தில் ஆமாம் போட்டது. "அதான, மண்ணு கூட இருந்தா சரிதான்" என்றான் மிஷின் சீனாவில் செய்தது என்று சொன்னவன். அவரே குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக் கொடுத்தார். பாண்டிமீனாவுக்கு அந்த மண்ணை அவர் வாயில் போட வேண்டும் போல இருந்தது. வாங்கி முத்துமீனாவின் சேலை முந்தியில் முடிந்தாள், கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினாள்.

பெரியாஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்ற ஊசி குத்துகிற இடத்தில் அந்த மஞ்சள் காப்பு இறுக்கிக்கொண்டிருந்தது. கை வீங்கியிருந்தது. "இத எடுக்கணும்மா" என்றார் நர்ஸ். முத்துமீனா மயக்கத்தில் இருந்தாள். பாண்டிமீனாதான் கத்தரியை வாங்கி அறுத்தாள். பன்னிரண்டு நாள் முகத்தில் ஆக்சிஜனோடு கிடந்து, பதின்மூன்றாம் நாள் முத்துமீனா எழுந்து நடந்தாள். நடந்ததைப் பார்த்து வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள் பாண்டிமீனா. சொல்வதற்கென்ன, அந்த ஒரு நாள்தான் அவளுக்கு நல்ல நாள்.

அந்தப் பன்னிரண்டு நாளுக்குள் ஊரில் பொங்கல் அமோகமாக நடந்தது. தடை என்பதால் மைக் மட்டும் வைக்கவில்லையாம், என்ன ஒரு கட்டுப்பாடு! அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு இருமல். கேட்டால், "வெயிலுக்கு எளநி குடிச்சது சேரல" என்பார்கள். பாண்டிமீனா வேலைக்குத் திரும்பியதும், நாற்பத்தைந்து வயதுக்கு மேல் உள்ளவர்களை ஊசிக்கு அனுப்பச் சொல்லிப் பட்டியல் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலோடு கீழத்தெருவுக்குப் போனாள்.

கீழத்தெருச் சின்னான் உக்கிரபாண்டியின் தோப்பில் வேலை பார்க்கிறவர். அவர் பெண்சாதி சுந்தரம்மாளுக்கு ஐம்பது வயது. ஊரில் பாண்டிமீனாவைக் கண்டால் கதவைச் சாத்தாத இரண்டு மூன்று வீடுகளில் அதுவும் ஒன்று. மோர் கொடுத்து உட்கார வைத்தாள்.

"போடுறதுக்கு ஒண்ணுமில்ல மீனா" என்றாள் சுந்தரம்மாள். "ஊசி போட்டா ரெண்டு வருசத்துல செத்துப்போவம்னு தோப்புல அய்யா சொன்னாகளாம். இவரு வந்து சொல்லிட்டுக் கெடக்காரு. நீ ஒண்ணு செய்யி. உக்கிரபாண்டி அய்யா போட்டாகன்னா எனக்குச் சொல்லு. மறுநாளே வந்து கைய நீட்டுறேன்."

பாண்டிமீனா மோர்ச் செம்பைக் கீழே வைத்தாள். நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. ஆத்தா மேல் பண்ணின சத்தியம். அதோடு இன்னொரு கணக்கும் மனதுக்குள் ஓடியது, அதையும் மறைக்கக் கூடாது. முத்துமீனா அந்த ஊரில்தான் இன்னும் குடியிருக்க வேண்டும். காப்பை அறுத்த விஷயம் வெளியே வந்தால் உக்கிரபாண்டி தயவு வேண்டியிருக்கும். "அவுக கதை எதுக்குக்கா, நீங்க போடுங்க. நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று மட்டும் சொன்னாள். "பாப்பம், பாப்பம்" என்று சிரித்தாள் சுந்தரம்மாள். பட்டியலில் அவள் பெயருக்கு நேரே 'விருப்பமில்லை' என்று எழுதிக்கொண்டு எழுந்து வந்தாள் பாண்டிமீனா.

வைகாசி நடுவில் சுந்தரம்மாள் செத்துப்போனாள். ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்து, படுக்க வைத்த இரண்டாம் நாள். பிளாஸ்டிக்கில் சுற்றிய உடம்பைத் தத்தனேரி சுடுகாட்டில் பத்தடி தள்ளி நின்று பார்த்துவிட்டு வந்தார் சின்னான். முகத்தைக்கூடக் காட்டவில்லை. அந்த மாதமே ஊரில் இன்னும் இரண்டு சாவு.

இப்போது டீக்கடையில் விவாதம் வேறு பக்கம் திரும்பியது. நோய் இருக்கிறதா இல்லையா என்கிற பேச்சையே காணோம். யாரால் வந்தது என்கிற பேச்சு. காப்பை எல்லைக்கு வெளியே வைத்து அறுத்த விஷயம் எப்படியோ கசிந்திருந்தது. மூன்று சாவுக்கும் அதுதான் காரணம் என்று முடிவு கட்டி, ஆனி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மந்தையில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். நோயை நம்பாதவனெல்லாம் நூலை நம்பினான். அவர்களை என்ன சொல்லித் திட்டுவது? திட்டுகிற வார்த்தைக்குத்தான் அசிங்கம்.

"கோயிலுக்கு அபராதம் கட்டி, ஊரு முன்னால விழுந்து கும்புட்டு, குத்தம்னு ஒத்துக்கணும்" என்றார் உக்கிரபாண்டி. "யாரு ஒத்துக்கிறது? காப்புக் கட்டியிருந்தவதான் முதல்ல சொல்லணும். முத்துமீனா, என்னம்மா நடந்துச்சு?"

முத்துமீனா பெண்கள் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். இரண்டு மாதத்தில் உடம்பு தேறி, கன்னத்தில் சதை வைத்திருந்தது. பாண்டிமீனா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அவள் பார்க்கவில்லை.

"எனக்கு ஒண்ணுமே இல்ல பெரியப்பா" என்றாள் முத்துமீனா. "அலுப்புக் காய்ச்சல். நான் வரமாட்டேன்னுதேன் சொன்னேன். மதினிதேன் அது இதுன்னு பயமுறுத்தி வண்டியில ஏத்துச்சு. காப்ப அறுத்ததும் மதினிதேன். எனக்குத் தெரியாது."

"பாத்தீகளா" என்றார் உக்கிரபாண்டி கூட்டத்தைப் பார்த்து. "கிழங்கு மாதிரி நிக்கிறா. கரோனான்னா இப்புடித் திரும்பி வருவாளா? அன்னைக்கே சொன்னேன்."

ஆக்சிஜன் போட்டுப் பிழைக்க வைத்ததே நோய் இல்லை என்பதற்குச் சாட்சியாகிவிட்டது! பாண்டிமீனாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சத்தியமாவது, ஆத்தாவாவது. அவள் எழுந்தாள். சிவக்குமார் சேலையைப் பிடித்து இழுத்ததைத் தட்டிவிட்டு மந்தை நடுவில் வந்து நின்றாள்.

"பேசுறாரே இந்தப் பெரிய மனுசரு, இவரு ஊசி போட்ருக்காரு! பங்குனி மாசமே போட்டாரு. திருநகர் முகாம்ல, தொப்பி வச்சுக்கிட்டு, கண்ணாடி மாட்டிக்கிட்டு. நான்தேன் டோக்கன் எழுதுனேன். ரெண்டாவது ஊசியும் போட்டாச்சு, பட்டியல்ல இருக்கு. உங்களையெல்லாம் போடாத போடாதன்னு சொல்லிட்டு, தான் மட்டும் போய்க் கமுக்கமா குத்திக்கிட்டு வந்தாரு. சட்டையக் கழட்டச் சொல்லுங்க!"

இப்போது காறித் துப்புவார்கள், இப்போது சட்டையைப் பிடிப்பார்கள் என்று நின்றாள். உக்கிரபாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஆமா, போட்டேன்" என்றார் நிதானமாக. "பென்சன்காரன், நாலு எடத்துக்குப் போற ஆளு. போட்டேன். உங்கள யாரும் போடாதீகன்னு நான் கையப் புடிச்சனா? அவுகவுக இஷ்டம்."

"அதுவும் சரிதான" என்றது ஒரு குரல். "அவுக வெளிய போறவுக, போட்டுக்கிட்டாக" என்றது இன்னொன்று. தலைகள் ஆடின. அவ்வளவுதான் அந்த ஊருக்கு வந்த கோபம். பாண்டிமீனாவுக்கு இந்த மூஞ்சிகளுக்காகவா வெயிலில் செருப்புத் தேய நடந்தோம் என்று இருந்தது.

பந்தல் போட்டிருந்த இடத்தின் ஓரத்தில், கீழத்தெரு ஆட்களோடு நின்றிருந்த சின்னான் இரண்டு அடி முன்னால் வந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். உக்கிரபாண்டி பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"தாயி, பங்குனியிலயே போட்டாகளா?"

"ஆமாண்ணே."

"அப்ப நீ சுந்தரம்மாகிட்ட வந்து மோரு குடிச்ச அன்னைக்கு, உனக்குத் தெரியும்?"

பாண்டிமீனா தலையை ஆட்டினாள்.

"அய்யா போட்டா நானும் போடுறேன்னு சொன்னாளாமே. அன்னைக்குச் சாயந்தரம் எங்கிட்டச் சொன்னா. ஒத்த வார்த்த சொல்லியிருந்தா போட்டிருப்பாள்ல தாயி?" குரலில் கோபம் இல்லை. கடையில் விலை விசாரிக்கிற மாதிரி கேட்டார். "ஏன் சொல்லல?"

"சத்தியம் பண்ணிருந்தேண்ணே" என்றாள். "முத்துமீனாவ வண்டியில ஏத்த விடணுமே, அதுக்காக."

சின்னான் முத்துமீனாவைப் பார்த்தார். கன்னம் வைத்த அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கீழத்தெருவைப் பார்த்து நடந்துபோனார்.

"சரி சரி, பொழுது போகுது" என்றார் உக்கிரபாண்டி. "அபராதத்தப் பேசுங்கப்பா."

"எங்க விழுந்து கும்புடணும், சொல்லுங்க" என்றாள் பாண்டிமீனா. அவர்கள் கோயிலைக் காட்டினார்கள். அவள் சின்னான் போன தெருவைப் பார்த்து, மந்தை மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.